இரண்டு இடத்திலும் இருக்கிற விதை

பட்டியலக்காவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. விதை வங்கிக்கு அவள் வேலைக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பிழைத்துக் கிடக்கிறது. பட்டியலில் எண் இருந்து அலமாரியில் விதைப் பை இல்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. பை இருந்து எண் இல்லை என்றால் எதிரே வருகிறவனுக்கு அன்றைக்கு அர்ச்சனை நிச்சயம்.

விதை வங்கி என்றால் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம். காயவைத்த விதையை அலுமினியப் பையில் போட்டு வாயை ஒட்டி, எண் எழுதி, உறையும் குளிரில் அடுக்கி வைக்கிற இடம். அவ்வளவுதான். அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன பயிர், எந்த ஊரில் யார் கொடுத்தது, எந்த நோயைத் தாங்கும் என்கிற விவரங்களைக் கணினியில் ஏற்றுவது பட்டியலக்காவின் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை, சனவரியில், அந்த விவரம் முழுவதும் உலக விதைத் தளத்துக்குப் போகும். எல்லா நாட்டு விதை வங்கிகளும் தங்களிடம் இருப்பதை அங்கே எழுதி வைக்கின்றன. யாருக்கு எது வேண்டுமோ தேடிப் பார்த்து, கடிதம் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. பட்டியலக்கா அதை மனதார நம்பினாள்.

அண்ணன் போன் செய்தபோது அவள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

"மூணாவது வருஷம் பாப்பா," என்றார் அண்ணன். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதானாலும் அவருக்கு அவள் பாப்பாதான். "பூ வெச்சுது. நானும் உங்க அண்ணியும் சந்தோஷமா குச்சி நட்டு, கயிறு கட்டி விட்டோம். நேத்து காலையில போய்ப் பாத்தா எல்லாக் கொடியும் தலைய தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது."

வாடல் நோய். மண்ணுக்குள்ளேயே இருக்கிற பூஞ்சை. மருந்துக்கும் மசியாது, மந்திரத்துக்கும் மசியாது. அண்ணனுக்குத் தெரிந்த ஒரே விவசாயம் பீன்ஸ். அவருடைய சரிவு நிலத்தில் வேறு எதுவும் உருப்படியாக வருவதும் இல்லை.

"செங்கச் சூளைக்காரன் தெனம் வந்து வரப்புல நிக்கிறான்," என்றார். "இடுப்பளவு மண்ண மட்டும் எடுத்துக்கறேன், நெலம் உங்களுதுதான்னு சொல்றான். மண்ண எடுத்ததுக்கப்புறம் எனக்கு அங்க என்ன பாப்பா வேல? குட்டையில எறங்கிக் குளிக்கிறதா?"

"அவசரப்பட்டு வாய விட்டுடாதீங்க அண்ணா. ரெண்டு நாள் குடுங்க. இங்க ஆயிரத்து இருநூறு பீன்ஸ் இருக்கு. ஒண்ணு கூடவா தாங்காது?"

"இருக்கிறத எல்லாம் நீ ஐஸ்ல போட்டுப் பூட்டி வெச்சிருக்க. எனக்கு மண்ணுல போட ஒண்ணு குடு, போதும்," என்று சொல்லி அண்ணன் சிரித்தார். சிரிப்பில் சத்து இல்லை.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவள் அப்போதே தேட உட்கார்ந்தாள். ஆயிரத்து இருநூறு பீன்ஸில் வாடல் நோய்க்குச் சோதித்துப் பார்த்தவை நூற்று நாற்பதுதான். ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண். ஒன்பது என்றால் செத்தது, ஒன்று என்றால் சிரித்துக்கொண்டு நிற்பது. ஏழு, ஒன்பது, எட்டு, ஒன்பது என்று இழவு வீட்டுக் கணக்காகத்தான் வரிசை ஓடியது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு ஒன்று. எண் 4417. கொடி வகை. வெள்ளை விதை, பழுப்புக் கண். எங்கே இருக்கிறது என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று கடல் கடந்த ஒரு நாட்டின் விதை வங்கி. இன்னொன்று அவள் உட்கார்ந்திருந்த இந்தக் கட்டடம். நிலை: கிடைக்கும்.

பட்டியலக்கா உடனே அண்ணனைக் கூப்பிட்டாள். அங்கேதான் முதல் தப்பு. குளிரறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கலாம். சரிபார்க்காமல் யாரிடமும் பேசாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், சந்தோஷத்தில் தன் விஷயத்தில் மறந்துபோனாள்.

"இருக்கு அண்ணா. எங்ககிட்டயே இருக்கு. சூளைக்காரன போகச் சொல்லுங்க."

குளிரறைக்காரர் கம்பளிச் சட்டையோடு உள்ளே போய், கால் மணி நேரம் கழித்து மீசையில் பனியோடு வெளியே வந்தார்.

"4416 இருக்கு, 4418 இருக்கு. நடுவுல இடம் காலி," என்றார்.

"சரியாப் பாருங்க சார். தளத்துல இருக்குன்னு போட்டிருக்கு."

"தளத்துல ஆயிரம் போடுவாங்க. அலமாரியில இல்லக்கா."

அவள் திரும்பப் போய், பொதுத் தளத்தில் அல்லாமல் தங்கள் வங்கியின் உள்பதிவைத் திறந்தாள். அங்கே தெளிவாக இருந்தது. '4417: இரட்டை. வெளிநாட்டு வங்கியில் உள்ளதோடு இணைக்கப்பட்டது. இங்கிருந்த இருப்பு, 200 கிராம், நீக்கப்பட்டது.' பக்கத்தில் நீக்கியவரின் முதலெழுத்துகள். அவளுடையவை.

நினைவு வந்துவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன் குளிரூட்டி ஒன்று செத்துப்போனது. புதியது வரவில்லை. பாதி அறையில் இருந்ததை மீதி அறைக்குள் திணிக்க வேண்டியிருந்தது. ஒரே விதை இரண்டு நாட்டில் எதற்கு, அங்கே இருப்பதை இங்கே குறையுங்கள் என்றார் இயக்குநர். பட்டியலக்கா மூன்று மாதம் ராப்பகலாக உட்கார்ந்து, ஊரையும் தேதியையும் சேகரித்தவர் குறிப்பையும் ஒப்பிட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு ஜோடிகளைக் கண்டுபிடித்தாள். கை தட்டினார்கள். ஒரு பாராட்டுத் தாள் கூடக் கொடுத்தார்கள். நீக்கும் விதையை ஆவியில் அவித்துத்தான் குப்பையில் போட வேண்டும் என்பது விதி. அவித்துப் போட்டார்கள். அன்றைக்குக் குளிரறைக்காரர், "ஒரு கைப்பிடி வீட்டுத் தோட்டத்துக்கு எடுத்துக்கவாக்கா?" என்று கேட்டார். "கூடாது சார், விதியில இல்ல," என்றாள் அவள். அவரும் நல்ல மனிதர், எடுக்கவில்லை. எடுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

பரவாயில்லை, அங்கே இருக்கிறதே என்று தன்னையே தேற்றிக்கொண்டு அந்த நாட்டு வங்கிக்குக் கடிதம் எழுதினாள். இருபது விதை போதும், அவசரம், ஒரு குடும்பத்தின் நிலம் போகப்போகிறது என்று, அலுவலகக் கடிதத்தில் யாரும் எழுதாத வார்த்தையெல்லாம் எழுதினாள். அண்ணனிடம், விதை வர இன்னும் கொஞ்ச நாளாகும் என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. எழுதியவளும் இவளைப் போல ஒரு பட்டியல்காரிதான். படிக்கும்போதே தெரிந்தது.

'அன்புள்ள தோழிக்கு. நீங்கள் கேட்ட விதை எங்களிடம் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் இடநெருக்கடியால், பிற வங்கிகளில் உள்ள இரட்டைகளை நீக்கினோம். இது உங்கள் வங்கியில் 4417 என்ற எண்ணில் பத்திரமாக இருப்பதைத் தளத்தில் உறுதிசெய்த பிறகே நீக்கினேன். நீங்கள் எங்களைக் கேட்பது எனக்குப் புரியவில்லை. தயவுசெய்து உங்கள் இருப்பை ஒருமுறை சரிபார்க்கவும்.'

தேதியும் போட்டிருந்தாள். இவள் நீக்கியதற்கும் அவள் நீக்கியதற்கும் மூன்று வாரம்தான் இடைவெளி. சனவரியில் ஏற்றிய பட்டியலை இருவரும் பார்த்திருக்கிறார்கள். அவளிடம் இருக்கிறது என்று இவளும், இவளிடம் இருக்கிறது என்று அவளும், மார்ச் மாதத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். நீக்குவதற்கு முன்னால் ஒரு கடிதம் போட்டுக் கேட்க வேண்டும் என்று விதி இருந்தது. தளத்திலேயே தெரிகிறதே, கடிதம் எதற்கு என்று இருவருமே நினைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் இங்கே உள்ள பதிவு அங்கே கையைக் காட்டுகிறது, அங்கே உள்ளது இங்கே கையைக் காட்டுகிறது. இரண்டையும் படித்துவிட்டுத் தளம் சொல்கிறது: இரண்டு இடத்திலும் இருக்கிறது, கிடைக்கும்.

 பட்டியலக்கா அந்தத் தோழியிடம் அவர்கள் நீக்கியவற்றின் பட்டியலைக் கேட்டு வாங்கி, தன் முந்நூற்றுப் பன்னிரண்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாள். இப்படி ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தவை ஐம்பத்தேழு. 

நோய்ச் சோதனை செய்த நிலையத்தில் மிச்சம் இருக்கலாம் என்று தோன்றியது. அறிக்கையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தவர், "ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கணுமா?" என்று கேட்டார். நிலையத்தை மூடி எட்டு வருஷம் ஆகிறதாம், அந்த எண் இப்போது போக்குவரத்து அலுவலகத்துடையதாம். மிச்ச விதை எங்கே போனது என்று ஓட்டுநர் உரிமம் கொடுப்பவரிடம் கேட்டு என்ன பயன்?

இயக்குநரிடம் போனாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை. இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறப்போகிற மனிதர்.

"ஐம்பத்தேழா?" என்றார். "சனவரியில மாத்திக்கலாம். இப்ப நடுவுல மாத்தினா ஏன் எதுக்குன்னு நாலு பேர் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். அதுவரைக்கும் யாராவது இத நம்பி இருப்பாங்களே."

"ஏழு வருஷமா யாரும் கேக்கலையேம்மா."

"என் அண்ணன் கேட்டாரு சார்."

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  எழுந்து வெளியே வந்தவள், முன்கூடத்தில் போய் நின்றாள். அங்கேதான் அதைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக அதைத் தாண்டித்தான் போய் வந்துகொண்டிருந்தாள்.

பார்வையாளர்களுக்காக வைத்த கண்ணாடிக் குப்பிகள் அவை. சுவர் முழுக்க மர அலமாரி, அதில் வகைக்கு ஒரு குப்பி. மேலிருந்து இரண்டாவது வரிசையில், கழுத்தில் கட்டிய சீட்டில், மை மங்கி, 4417, பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. உள்ளே கால் குப்பிக்கு விதை. வெள்ளை விதை, பழுப்புக் கண்.

காட்சிக்கு வைத்த விதை காட்சிக்குத்தான், முளைக்க வைப்பதற்கு இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? வெயில் படுகிற சுவரில் பதினெட்டு வருஷம் இருந்த பீன்ஸ், உயிரோடு இருப்பது கஷ்டம். ஆனால் நாற்பதில் ஒன்று முளைத்தாலும் போதும். ஒன்றை வளர்த்தால் நூறு விதை. நூறை வளர்த்தால் ஒரு வயல். அவள் நாற்பது விதையை எண்ணி எடுத்து, முளைப்பு அறைக்குக் கொண்டுபோனாள். அந்த அறையைப் பார்த்துக்கொள்கிற அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தாள். பட்டியலக்காவே ஈரத் தாளில் வரிசையாக அடுக்கி, சுருட்டி, பெட்டியில் வைத்தாள். அடுத்த ஐந்து நாளும் அவளுக்கு உடம்பு இங்கே, உயிர் அந்தப் பெட்டியில்.

ஆறாம் நாள் காலையில் தாளை விரித்தாள். வேர் விட்டிருந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல. தடித்த வெள்ளை வேர்கள், தாளைத் துளைத்துக்கொண்டு. எண்ணினாள். முப்பத்தொன்பது.

நின்ற இடத்திலேயே அழுதாள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"முளைச்சிடுச்சு அண்ணா. நாப்பதுல முப்பத்தொம்பது. நாளைக்கே வந்து எடுத்துட்டுப் போங்க."

 அந்தப் பக்கம் முதலில் அண்ணி குரல்தான் கேட்டது: "என்னவாம்? ஏன் இப்படி உக்காந்துட்டீங்க?" அண்ணன், "ஒரு ஓரமா உழுது வெக்கிறேன் பாப்பா. சூளைக்காரன் இன்னிக்கு வரேன்னான். வந்தா நல்லாத் திட்டி அனுப்பறேன்," என்றார். சொன்னபடியே திட்டியும் அனுப்பினார். நன்றாகவே திட்டினார் என்று அண்ணி அப்புறம் சொன்னாள். திரும்பிக் கூப்பிட முடியாத அளவுக்கு.

மறுநாள் முளைப்பு அறை அக்கா விடுப்பு முடிந்து வந்தாள். பேத்தி பிறந்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தாள், சீட்டைப் படித்தாள். சந்தோஷம் போய்விட்டது.

"இது எந்த வருஷத்து விதை?"

"பதினெட்டு வருஷம். முன்கூடத்துக் குப்பியில இருந்தது. பாத்தியா, முப்பத்தொம்பது."

"உக்காருக்கா," என்றாள் அவள். "வெயில்ல கெடந்த பதினெட்டு வருஷத்து பீன்ஸ் ஒண்ணு முளைச்சிருந்தா நான் துள்ளிக் குதிச்சிருப்பேன். ரெண்டு முளைச்சிருந்தா உனக்கு மால போட்டிருப்பேன். முப்பத்தொம்பது முளைச்சா, அது அந்த விதையே இல்லக்கா. போன அறுவடையில வந்த விதை."

எண்களைப் பார்த்தே காலம் தள்ளியவள், அந்த ஒரு எண்ணை மட்டும் பார்க்காமல் போனாள். முப்பத்தொன்பது என்று வாயால் சொன்னாளே தவிர, மூளைக்குள் போகவில்லை. ஆசை வந்தால் அப்படித்தான்.

முன்கூடத்தைத் துடைக்கிற பெரியவரை இருவரும் தேடிப் பிடித்தார்கள். குப்பிகளைப் பளபளவென்று வைத்திருப்பதால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அந்தக் குப்பியா? போன வருஷம் வெளிநாட்டுக்காரங்க பாக்க வந்தாங்களே, அதுக்கு முந்தின நாள் தொறந்து பாக்குறேன், பூராவும் வண்டு. மாவாக் கெடந்துச்சு. அப்படியே வெச்சா நம்ம மானம் என்ன ஆகறது? கடைக்குப் போயி, அதே வெள்ள, அதே பழுப்புக் கண்ணு, ஒண்ணொண்ணாப் பொறுக்கி வாங்கிட்டு வந்து நெரப்பினேன். நீங்களே இத்தன நாளா கண்டுபிடிக்கலையே." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு," என்றாள் பட்டியலக்கா. அவரைத் திட்ட வாய் வரவில்லை. அவர் நிரப்பியது ஒரு குப்பியைத்தான். அவள் காலி செய்தது எத்தனை?

"பழசு ஏதாவது மிச்சம் இருக்கா?"

"வண்டு புடிச்சத யாராவது வெச்சிருப்பாங்களா? கொட்டிட்டேன்."

அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணி எடுத்தாள். "அவர் விடியக்காலையே பஸ் ஏறிட்டாரே. போனை சார்ஜுல மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு. ஏம்மா, ஒண்ணும் இல்லையே?" ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்தாள். அது பொய்யும் இல்லை.

பதினோரு மணிக்கு அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் ஒரு மரப்பெட்டி, அடியில் ஈரச் சாக்கு மடித்துப் போட்டிருந்தது. நாற்று வாடாமல் இருக்கச் சாக்கின்மேல் வாழை இலையும் விரித்திருந்தார். அவள் படியிறங்கி வருவதற்குள் முன்கூடத்துக் குப்பிகளை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"பாப்பா, இங்க பாரேன்," என்றார், 4417 குப்பியைத் தட்டி. "இதத்தான் நான் போன வருஷம் போட்டேன். கடையில வாங்கினது. இதுதான் மொதல்ல சாகும். இதையும் காட்சிக்கு வெச்சிருக்கீங்களே."

பட்டியலக்கா அந்தக் கூடத்து பெஞ்சில் அவரை உட்காரவைத்துச் சொன்னாள். எதையும் விடவில்லை. கண்ணாடிக்காரர் கடைக்குப் போனதைச் சொன்னாள். கடல் தாண்டி ஒருத்தி இவளை நம்பி நீக்கியதைச் சொன்னாள். அவளை நம்பி இவள் நீக்கியதையும், தன் கையெழுத்து இருந்ததையும் சொன்னாள். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டி அவர் மடியில் இருந்தது.

"அப்ப உலகத்துல எங்கயுமே இல்லையா?"

"இல்லண்ணா."

"கம்ப்யூட்டர்ல?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு. ரெண்டு இடத்துல இருக்குன்னு போட்டிருக்கு."

அண்ணன் தலையாட்டினார். கோபித்துக்கொண்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீயெல்லாம் ஒரு தங்கச்சியா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பாள். அவர் கேட்டது வேறு.

"எவ்வளவு இருந்துச்சு?"

"எது?"

"அந்த விதை. நீங்க தூக்கிப் போட்டது."

"இருநூறு கிராம்."

அண்ணன் பெட்டிக்குள் இருந்த இலையைக் கையால் நீவிவிட்டார். எதையோ அளப்பதுபோல உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருநூறு கிராமுக்கா பாப்பா இடம் இல்லாமப் போச்சு?" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்க அண்ணி ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருப்பாளே."

  கண்ணாடிக்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்தார், அண்ணன் அதை முழுவதும் குடித்தார். பிறகு அவளிடம் போனைக் கேட்டு வாங்கி, சூளைக்காரனின் எண்ணை மனப்பாடமாக அழுத்தி, நேற்றுத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டார்.